மூன்று விரற்கடை இடது

அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் பதினோரு வருடமாக விடாமல் நிலைத்து நின்றவர் ஒரே ஒருவர்தான். அவர் தற்காலிக ஊழியர். நிரந்தரப் பொருளாளர் என்று பலகை மாட்டிக்கொண்டவர் இரண்டே வருடத்தில் போனார். நிரந்தரக் கூரை ஒரு மழைக்குத் தாங்கவில்லை. லென்ஸ் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு கையெழுத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காலத்தைக் கடந்தார்.

லென்ஸ் என்பது பட்டப்பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் எடுத்துப் புழங்கவில்லை. கடிகாரக் கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை அவர் வலது கண்ணில் வைத்தபடியே வாழ்ந்ததால் அந்தக் கண்ணைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் விழுந்திருந்தது. வலது கண் கிளப்புக்கு, இடது கண் குடும்பத்துக்கு என்று அவர் மனைவி பாகம் பிரித்திருந்தாள். இடது கண்ணுக்குத்தான் பார்வை கொஞ்சம் மட்டு.

பதினாலு ரைஃபிள், அவற்றின் முதுகில் சின்னத் தொலைநோக்கிபோலப் பதினாலு ஸ்கோப். இவற்றைத் துடைப்பது, திருகுவது, குறி பார்த்துச் சரிசெய்வது அவர் வேலை. சம்பளத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆனால் சுடுதளத்தின் பின்சுவரை ஒட்டி இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கொடுத்திருந்தார்கள். அந்த இடத்தின் மேல்தான் இப்போது கிளப்பின் கண் விழுந்திருந்தது. உறுப்பினர்களின் கார்கள் பெருகிவிட்டன; உறுப்பினர்களும் பெருகிவிட்டார்கள், அகலவாக்கில். அடுத்த மாதக் கடைசியில் கமிட்டி கூடும். அன்று லென்ஸ் நிரந்தரம் ஆனால் வீடு அவருக்கு. ஆகாவிட்டால் வீட்டை இடித்துக் கார் நிறுத்துவார்கள். எல்லாம் தலைவர் போடும் ஒரு கையெழுத்தில் இருந்தது.

தலைவர் டைல்ஸ் வியாபாரி. கிளப்புக்குப் பன்னிரண்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து அவர்தான் தலைவர். அவருக்கு உலகத்தில் வராத கலை ஒன்றே ஒன்று; அது சுடுவது. ஆடத் தெரியாதவளைப் பற்றியும் தெருவைப் பற்றியும் நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அந்தக் கிளப்பின் சுற்றுச்சுவருக்குள் அதை யாரும் சொல்வதில்லை. தலைவரின் குண்டு தப்பியதற்கு முதல் வருடம் காற்று காரணம். அடுத்த வருடம் தோட்டா. பிறகு படுத்துச் சுடும் பாய். ஒரு முறை, டீயில் சர்க்கரை கூடிப்போனது. இந்த வருடம் காரணம் கடல் கடந்து, பஞ்சு சுற்றிய பெட்டியில் வந்தது.

“இங்க வாய்யா லென்சு. இதப் பாரு.”

பெட்டிக்குள் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி வட்டு. ஸ்கோப்புக்குள் கண்ணை வைத்தால் ஒரு கூட்டல் குறி தெரியுமே, அதை அவர்கள் கிராஸ் என்பார்கள். இது புது மாதிரி கிராஸ். பழையதில் மெல்லிய கம்பி இரண்டு, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று; முடிந்தது கதை. புதியதில் கண்ணாடியிலேயே கோடு கீறியிருந்தார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதன் இரு பக்கமும் ஏணிப்படி, கீழே இறங்க இறங்க அகன்று விரியும் கோடுகள். பிள்ளைகுட்டிகள் பெருத்த குடும்பத்தின் வம்சாவளிப் படம்போல இருந்தது.

“எத்தன கோடு தெரியுமா? நூத்து முப்பத்தாறு.”

“ஆமாங்க சார்.”

“பழசுல எத்தன?”

“ரெண்டுங்க சார்.”

“ரெண்டே ரெண்டு கோட்ட வச்சுக்கிட்டு மனுஷன் எதய்யா அடிக்க முடியும்?”

அந்த இரண்டு கோட்டை வைத்துக்கொண்டு லென்ஸ் நூறு மீட்டரில் ஒரு ஆணியின் தலையை அடித்திருக்கிறார். அதைச் சொல்ல வாயெடுத்து, கொட்டாவியாக மாற்றி, அதையும் கையால் மூடிக்கொண்டார்.

தலைவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு கோப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும் செயலாளர் லேசாகக் கனைத்தார். “சார், லென்ஸோட அந்த நிரந்தர விஷயம்...”

“இது முதல்ல. அது அப்புறம்,” என்றார் தலைவர்.

கிராஸ் மாற்றுவது பெரிய வித்தையில்லை என்று நினைப்பவர்கள் மாற்றிப் பார்த்ததில்லை. பின்பக்க லென்ஸைக் கழற்ற வேண்டும், உள்ளே இருக்கும் பூட்டு வளையத்தை இரண்டு முனைச் சாவியால் திருப்ப வேண்டும், பழையதை எடுத்துப் புதியதை உட்கார வைக்க வேண்டும். இதெல்லாம் கால்மணி வேலை. சனியன் தூசியில் இருக்கிறது. கண்ணின் பார்வை போய்க் குவிகிற இடத்தில்தான் கிராஸ் இருக்கிறது. அதன் மேல் ஒரு தூசி உட்கார்ந்தால், பார்ப்பவருக்கு மலையிலிருந்து பாறை உருண்டு வந்து வயலில் நின்ற மாதிரி தெரியும். இதற்கென்று தூசியே இல்லாத அறை கட்டுகிறார்களாம். கிளப்பை விற்றாலும் அந்த அறைக்குக் கதவுதான் வாங்கலாம்.

ஆகவே லென்ஸ் குளியலறையில் செய்தார். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு அறை முழுக்க ஆவி பிடிக்க வைப்பார். காற்றில் அலையும் தூசியை ஆவி பிடித்துக் கீழே இறக்கிவிடும். இருபது நிமிடம் அசையாமல் காத்திருந்து, வாளியின் மேல் பலகை போட்டு, சட்டையில்லாமல் உட்கார்ந்து வேலையைத் தொடங்குவார். சட்டையும் தூசி கொட்டும் அல்லவா. நடுவில் கதவு திறந்தால் போச்சு. முதலிலிருந்து வர வேண்டும். வீட்டில் குளியலறை அந்த ஒன்றுதான். குளிப்பதற்கும் அதுதான், குளியலுக்கு அப்பாற்பட்ட காரியங்களுக்கும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதவுக்கு வெளியே மாமனார் வந்து நின்றார். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய உடம்பும் அட்டவணைப்படிதான் இயங்கும்.

“மாப்பிள்ளை, இன்னும் எவ்வளவு நேரம்?”

“வளையத்தக் கழட்டிட்டேன் மாமா. கண்ணாடிய உட்கார வைக்கணும்.”

“நீங்க அத உட்கார வைங்க. நான் எங்க உட்காருறது?”

“அப்பா, கொஞ்சம் பொறுங்களேன். இந்த வீடு நமக்கு நிக்கணும்னுதானே அவர் உள்ள கெடந்து வேகுறார்,” என்றாள் மனைவி.

“வீடு வேணாம்னா சொன்னேன்? வீட்டுல முக்கியமான பாகத்த அவர் புடிச்சுக்கிட்டாரேங்கறதுதாம்மா என் கவலை.”

உள்ளே லென்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெளியே மாமனார் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து லென்ஸ், வேகவைத்த கிழங்குபோலச் சிவந்து தோலுரிந்து வெளியே வந்தபோது, எழுபது வயது மனிதர் ஒருவர் அவரை உரசிக்கொண்டு மின்னல் வேகத்தில் உள்ளே போனார்.

வேலை இன்னும் முடியவில்லை. திறந்த ஸ்கோப்புக்குள் ஈரக் காற்று இருந்தால் குளிரில் பனி படரும். உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்ப வேண்டும். அது லென்ஸின் மைத்துனனுடைய டயர் கடையில் இருந்தது.

“எத்தன பவுண்டு வைக்கணும் அத்தான்? காருக்கு முப்பத்திரண்டு.”

“ஒரு மூச்சு காட்டினா போதும் மச்சான். அதுக்கு மேல போனா கண்ணாடி தெறிச்சுடும்.”

பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். “இது எந்த வண்டியோட சாமான்?”

“வண்டி இன்னும் வரலைங்க. இது மட்டும் முன்னால வந்துருக்கு,” என்றான் மைத்துனன்.

திங்கட்கிழமை தலைவர் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். “அடடா!” என்றார். “அடடடா!” என்றார். நூற்று முப்பத்தாறு கோடுகளையும் பெண் பார்க்க வந்தவர்போல நிதானமாகப் பார்த்தார். பிறகு முகம் சுருங்கியது.

“என்னய்யா இது, நடுவுக்குப் பக்கத்துல மங்கலா ஒரு தூசி?”

லென்ஸ் பார்த்தார். தூசி இல்லை. செயலாளர் பார்த்தார். தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆமா சார், நல்லா பெரிய தூசி,” என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஆவி. மறுபடி நைட்ரஜன். தூசி போகவில்லை. புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து மூன்றாம் முறை. மாமனார் முன்னெச்சரிக்கையாக மகனுடைய டயர் கடைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். இந்த முறை லென்ஸ் அந்தக் கண்ணாடியை இருபது மடங்கு பெரிதாக்கி, ஓரம் ஓரமாகத் தேடினார். துடைத்து வைத்த வானம்போல இருந்தது. தலைவர் பார்த்தார். “அப்படியே இருக்குதேய்யா!”

அப்போதுதான் லென்ஸுக்குப் பொறி தட்டியது. ஸ்கோப்புக்குள் இருக்கும் எதுவும் ஸ்கோப்பைச் சுழற்றினால் கூடவே சுழலும். கோடு சுழலும், தூசி சுழலும். சுழலாமல் நின்ற இடத்தில் நிற்பது ஒன்றுதான். அது பார்ப்பவரின் கண்ணுக்குள் இருப்பது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

“அப்போ சொல்லிட வேண்டியதுதானே, தூசி உங்க கண்ணுலதான் சார்னு.”

“அந்தக் கண்ண வச்சுத்தாண்டி அவர் கையெழுத்துப் போடணும்.”

“இப்படியே எத்தன நாளைக்கு வெந்நீர்ல வேகுவீங்க?”

“கமிட்டி வரைக்கும்.”

“அதுக்குள்ள நீங்க கரைஞ்சு போயிடுவீங்க. வீட்டுக்கு யாரு பேருல பத்திரம் போடுவாங்க?”

இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்த லென்ஸ், உண்மையைச் சொல்லும் பொறுப்பை ஸ்கோப்பிடமே ஒப்படைத்தார். மறுநாள் ரைஃபிளிலிருந்து அதைக் கழற்றி, குழாய்போலத் தலைவர் கையில் கொடுத்தார். “சார், நீங்களே கண்ணுல வச்சுக்கிட்டு மெதுவாச் சுத்திப் பாருங்க. கோட்டோட சேர்ந்து தூசியும் சுத்துதான்னு மட்டும் சொல்லுங்க. அத வச்சு அது எந்தக் கண்ணாடின்னு கண்டுபிடிச்சுடலாம்.”

தலைவர் சுற்றினார். ஒரு சுற்று. எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. கோடுகள் காற்றாடிபோலச் சுழன்றிருக்க வேண்டும். தலைவரின் வாய் மெல்லத் திறந்து அப்படியே நின்றது.

செயலாளருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததை உடனே வெளியில் விடும் வியாதி அவருக்கு உண்டு. “சார், அப்போ தூசி வந்து உங்க...”

“உனக்கு டீ வந்துருச்சாய்யா?” என்றார் தலைவர்.

“வந்துருச்சு சார்.”

“போய்க் குடி.”

மறுநாளிலிருந்து தலைவர் வெளியூரில் ஒரு கருத்தரங்கில் இருப்பதாகக் கிளப்புக்குச் சொல்லப்பட்டது. கருத்தரங்கு புரை எடுக்கும் ஆஸ்பத்திரியில் நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். அந்த வாரம் முழுவதும் கிளப்பில் கண் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. “கண்டிப்பா சார்” என்று தொடங்கிய இப்போதைய பொருளாளர்கூடச் சட்டென்று “நிச்சயமா சார்” என்று மாற்றிக்கொண்டார்.

லென்ஸின் வீட்டில் மட்டும் ஒரு வெளிச்சம். இனிமேல் தலைவருக்கு நன்றாகத் தெரியும், நன்றாகச் சுடுவார், நல்ல மனதோடு கையெழுத்தும் போடுவார் என்று மனைவி கணக்குப் போட்டாள். கணக்கில் தப்பு சொல்ல முடியாது.

கமிட்டி கூடும் நாளன்று காலையில் தலைவர் பாயில் படுத்தார். ஐந்தாறு உறுப்பினர்கள் பின்னால் நின்றார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

“தூசி போயிருச்சுய்யா!” என்றார். கூட்டம் கை தட்டியது.

பிறகு சுட்டார். பத்து குண்டு. லென்ஸ் பக்கத்தில் மண்டியிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடும் பேருந்தை நிறுத்த மணிக்கயிற்றை இழுப்பதுபோலத் தலைவர் விசையை இழுத்தார். அது பழைய பழக்கம். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. பெரிய டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொண்டு வந்த அந்தக் கண்ணை, குண்டு வெடிக்கும் கணத்தில், தலைவர் இறுக மூடிக்கொண்டார். பத்து முறையும்.

இலக்குத் தாளைக் கொண்டுவந்தார்கள். பத்தும் இடது பக்கம், மூன்று விரற்கடை தள்ளி, கோழி கிளறிய மாதிரி சிதறிக் கிடந்தன. எப்போதும் இடது என்றால் ஸ்கோப்பின் பக்கத் திருகைத் திருகிச் சரிக்கட்டிவிடலாம். தலைவரின் குண்டு தேர்தல் காலத்து ஆள்போல. இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம்.

தலைவர் எழுந்தார். “முன்னாடி தூசி மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் எனக்குத் தெளிவாத் தெரியுது. கிராஸ் கோணலா இருக்கு.”

“சார், நூல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் மாட்டினேன்.”

“அப்போ நான் கோணலா?”

செயலாளர் கோப்பைப் பிரித்து அதற்குள் எதையோ அவசரமாகத் தேடினார்.

“நீயே சுடுய்யா,” என்றார் தலைவர். “அஞ்சு குண்டு. எல்லாரும் பாக்கட்டும்.”

லென்ஸ் படுத்தார். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவர் எதையும் குறி பார்த்ததில்லை. நடுவில் அடித்தால் ஸ்கோப் சரி, தலைவர் கோணல். சாயங்காலம் கமிட்டி, காலையில் கடப்பாரை. தாறுமாறாக அடித்தால் ஸ்கோப்பும் கோணல், அடிப்பவனும் கோணல். இப்படிப்பட்டவன் கையில் பதினாலு ரைஃபிளா என்பார்கள். அவர் கையோ பதினோரு வருடமாக நேராக அடித்தே பழகிவிட்ட கை. தப்புவதற்கு அதற்குப் பயிற்சி போதாது.

ஸ்கோப்புக்குள் நூற்று முப்பத்தாறு கோடுகள் அவரைப் பார்த்தன. நடுப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் மூன்றாவது ஏணிப்படி கண்ணில் பட்டது. அதை இலக்கின் நடுவில் வைத்துச் சுட்டால் குண்டு இடது பக்கம் மூன்று விரற்கடை தள்ளி விழும். பிசகாமல் விழும். வெளிநாட்டுக்காரன் எந்த உத்தேசத்தில் அந்தக் கோட்டைக் கீறினானோ, லென்ஸுக்குத் தெரியாது. அந்தக் கிளப்பில் அது முதன்முதலாக ஒரு மனிதனுக்குப் பயன்பட்டது அப்போதுதான்.

ஐந்து குண்டு. தாள் வந்தது. ஐந்தும் ஒரே ஓட்டை. இடது பக்கம், மூன்று விரற்கடை. அவ்வளவு சுத்தமான தவறை அந்தச் சுடுதளம் அதுவரை கண்டதில்லை.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” தலைவர் தாளைத் தூக்கிக் காட்டினார். மகிழ்ச்சியில் அவருக்குக் கண் கலங்கியது. டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தார். “அவனுக்கும் இடதுதான்! எனக்கும் இடதுதான்! கோளாறு கிராஸ்லதான்யா!” லென்ஸின் தோளைத் தட்டினார். “நேர்மையான ஆளுய்யா நீ. தன் தப்ப தானே சுட்டுக் காட்டுறதுக்கு ஒரு மனசு வேணும்.”

லென்ஸ் வீட்டுக்கு ஓடிப்போய், “ஆயிடும்போல இருக்கு,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. மேசையைச் சுற்றித் தலைவர் நியமித்த ஐந்து பேர். நடுவில் பிஸ்கட் தட்டு. கதவோரமாக லென்ஸ், குளித்துத் தலைவாரி. செயலாளர் கோப்பிலிருந்து வாசித்தார்:

“பொருள் எண் மூன்று. தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்குவது. குறிப்பு: மேற்படி ஊழியர், புதிய கிராஸைக் கோணலாகப் பொருத்தியது இன்று காலை உறுப்பினர்கள் முன்னிலையில் நிரூபிக்கப்பட்டது. நிரூபித்தவர் மேற்படி ஊழியர்.”

பொருளாளர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “இப்படிப்பட்டவர நிரந்தரமாக்கினா கோணலும் நிரந்தரமாயிடாதா? சும்மா கேக்குறேன்.”

சும்மா கேட்டதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அதில் குறை காண இடமில்லை. லென்ஸே யோசித்துப் பார்த்தார்; அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

“எனக்கு மனசே இல்ல லென்சு,” என்றார் தலைவர். உண்மையாகவே வருத்தமாகச் சொன்னார். “ஆனா கமிட்டின்னு ஒண்ணு இருக்கே. நான் என்ன பண்ணட்டும்? நீயே சுட்டுட்டியே. கோணல் சரியாகுற வரைக்கும் ஆறு மாசம் நீட்டிச்சுடறேன். வீட்ட இப்போதைக்கு இடிக்க வேணாம்.” கையெழுத்துப் போட்டார். நல்ல தெளிவான கையெழுத்து. புரை எடுத்த பிறகு எழுத்து வரிசையில் நின்றது.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“ஆயிடுச்சா?”

“ஆறு மாசம் ஆயிருக்கு.”

“நடுவுலயே சுட்டிருந்தா?”

“இந்நேரம் சாமான மூட்ட கட்டிக்கிட்டு இருப்போம்.”

“நேரா இருக்கறத எப்படிங்க நிமித்துவீங்க?”

லென்ஸ் மறுநாள் ஸ்கோப்பை எடுத்துவந்து மேசை மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். நூலைத் தொங்கவிட்டார். நூலும் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. வளையத்தைத் தொட்டார், விட்டுவிட்டார். கடைசியில் டிராயருக்குள் வைத்துப் பூட்டி, மூன்று நாள் மற்ற வேலைகளைப் பார்த்தார். நாலாம் நாள் வெளியே எடுத்து, பதிவேட்டில் ‘கோணல் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி, ரைஃபிளில் மாட்டிக் கொடுத்தார்.

தலைவர் படுத்தார், இழுத்தார், கண்ணை மூடினார். தாள் வந்தது. பத்தும் வலது பக்கம்.

“என்னய்யா லென்சு, ரொம்பத் திருப்பிட்ட போலிருக்கே?”

“கொஞ்சம் கூடிப்போச்சுங்க சார்.”

“கொஞ்சமாத் திருப்புய்யா. அவசரமில்ல.”

லென்ஸ் ஸ்கோப்பைக் கழற்றித் துணியில் சுற்றினார். மூன்று நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு, டிராயரைத் திறந்து உள்ளே வைத்தார்.